ஒரே கட்சி அள்ளிக்கொண்டு போகும் தேர்தல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடாளுமன்ற முறை உள்ள நாடுகளில் சில தேர்தல்கள் அப்படியே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பேருக்கு வேட்பாளர் நிறுத்திய தொகுதியில்கூட அந்தக் கட்சி ஜெயிக்கும். எதிர்த்தரப்பில் முன்னாள் அமைச்சர்கள் வரிசையாக வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் காலை எல்லோரும் கேட்கிற கேள்விகள் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை. அவற்றுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

எத்தனை இடம் ஜெயித்தால் அதை அலை என்று சொல்லலாம்?

சட்டத்தில் இதற்கென்று அளவு கிடையாது. சபையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் பத்திரிகைகள் தயங்காமல் சொல்லிவிடும். நான் பார்க்கும் கோடு வேறு: எதிர்க்கட்சியால் சபையில் தன் வேலையைச் செய்ய முடிகிறதா? குழுக்களுக்கு அனுப்ப ஆள் இல்லை, எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்குப் போதுமான எண்ணிக்கை இல்லை என்ற நிலை வந்துவிட்டால், அது சாதாரண தோல்வி இல்லை.

மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, மூன்றில் இரண்டு பங்கு இடம். இது எப்படிச் சாத்தியம்?

பிரிட்டனில் 2024-ல் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். லேபர் கட்சிக்கு 33.7 சதவீத ஓட்டு, 650-ல் 411 இடம். இன்னும் ஆச்சரியம், அந்தக் கட்சி 2019-ல் படுதோல்வி அடைந்தபோது வாங்கிய மொத்த ஓட்டு சுமார் 1 கோடியே 3 லட்சம். 2024-ல் ஜெயித்தபோது வாங்கியது சுமார் 97 லட்சம். ஓட்டு குறைந்தது, இடம் இரண்டு மடங்கானது.

ஒரு கற்பனை நாட்டை வைத்துக் கணக்குப் போட்டால் இது விளங்கும். அங்கே 100 தொகுதிகள், எல்லாவற்றிலும் ஒரே அளவு வாக்காளர்கள், இரண்டே கட்சிகள். ஆளும் கட்சிக்குக் கோட்டையாக 40 தொகுதிகள். அங்கே அதற்கு 60 சதவீதம், எதிர்க்கட்சிக்கு 40. இழுபறித் தொகுதிகள் 25. அங்கே 52-க்கு 48 என்று ஆளும் கட்சியே ஜெயிக்கிறது. மீதி 35 எதிர்க்கட்சியின் பகுதி; அங்கே 42-க்கு 58. மொத்தத்தில் ஆளும் கட்சி 51.7 சதவீத ஓட்டோடு 65 இடம், எதிர்க்கட்சி 48.3 சதவீதத்தோடு 35 இடம்.

அடுத்த தேர்தலில் புதுக்கட்சி ஒன்று வருகிறது. ஆளும் கட்சியின் ஓட்டை மட்டும் பிரிக்கிறது. எதிர்க்கட்சிக்கு ஒரு ஓட்டுகூடக் கூடவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

புதுக்கட்சி எல்லாத் தொகுதியிலும் 10 சதவீதப் புள்ளி பிரித்தால் இழுபறி 25-ம் கைமாறும். ஆளும் கட்சிக்குக் கோட்டை 40 மிஞ்சும். 19 புள்ளி பிரித்தாலும் அதே 40 நிற்கும், ஏனென்றால் கோட்டையில் அப்போதும் 41-க்கு 40. 21 புள்ளி பிரித்தால் 39-க்கு 40. நாற்பதும் ஒரே இரவில் போய்விடும். எதிர்க்கட்சிக்கு 100-க்கு 100, முன்பு வாங்கிய அதே 48.3 சதவீதத்தோடு. 30.7 சதவீதம் வாங்கிய ஆளும் கட்சிக்குப் பூஜ்யம்.

10-லிருந்து 19 வரை ஒன்றுமே நடக்கவில்லை, அடுத்த இரண்டு புள்ளியில் எல்லாமே நடந்துவிட்டது. நிஜ நாடுகளில் தொகுதிகள் இவ்வளவு ஒரே அச்சாக இருக்காது என்பதால் சரிவு கொஞ்சம் படிப்படியாக வரும். ஆனால் அடிப்படை இதுதான். அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றியாளர் என்ற முறையில் இரண்டாம் இடத்துக்கு எதுவும் கிடையாது. ஓட்டு எத்தனை என்பதைவிட எங்கே விழுந்தது, எதிரே எத்தனை பேருக்குப் பிரிந்தது என்பதே இடங்களைத் தீர்மானிக்கிறது.

இரண்டே கட்சி மோதும் நாடுகளுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஓட்டு விகிதத்தின் கனத்தை (அதே எண்ணை மூன்று முறை வைத்துப் பெருக்குவது) எடுத்தால் இட விகிதம் வரும் என்பார்கள். 55-க்கு 45 என்றால் இடங்கள் ஏறக்குறைய 65-க்கு 35. மூன்றாவது கட்சி தலையெடுத்ததும் இந்தக் கணக்கு உதவாது.

அப்படியானால் அலை என்பது வெறும் ஓட்டுப் பிரிவினைதானா?

எப்போதும் இல்லை. கனடாவில் 1984-ல் பிரையன் மல்ரோனி தலைமையிலான கட்சி பாதி ஓட்டை வாங்கி, 282-ல் 211 இடம் ஜெயித்தது. இந்தியாவில் அதே ஆண்டு இந்திரா காந்தி கொலைக்குப் பின் நடந்த தேர்தலில் காங்கிரஸுக்கு சுமார் 49 சதவீதம். 400-க்கும் மேல் இடங்கள். இவை மக்கள் உண்மையாகவே ஒரு பக்கம் போன தேர்தல்கள்.

எதிர்மாறான உதாரணம் பிரிட்டன், 1983. மார்கரெட் தாட்சரின் கட்சிக்கு 1979-ல் 43.9 சதவீதம் இருந்தது, 1983-ல் 42.4 ஆகக் குறைந்தது. ஆனால் சபையில் அதன் மெஜாரிட்டி, அதாவது மற்ற எல்லோரையும் கூட்டினாலும் அதைவிட அதிகமாக இருக்கும் இடம், 43-லிருந்து 144-க்கு உயர்ந்தது. எதிரணி இரண்டாக உடைந்திருந்தது. லேபருக்கு 27.6 சதவீதம், 209 இடம். லிபரல்-சமூக ஜனநாயகக் கூட்டணிக்கு 25.4 சதவீதம், வெறும் 23 இடம். இரண்டு புள்ளி வித்தியாசத்துக்கு 186 இடம் விலை. அலையா, பிளவா என்று தெரிய, ஜெயித்தவரின் ஓட்டு முந்தைய தேர்தலைவிட எவ்வளவு கூடியது என்று பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே பதில் இருக்கும்.

குறைவான ஓட்டு வாங்கிய கட்சி ஜெயித்தது உண்டா?

உண்டு. இலங்கையில் 1970-ல் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 சதவீதம் வாங்கி 17 இடத்தோடு நின்றது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 36.9 சதவீதம் வாங்கி 91 இடம் பிடித்தது. தமிழ்நாட்டில் 1967-ல் ஆட்சியைப் பறிகொடுத்த காங்கிரஸுக்கு 41 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டிய ஓட்டு, ஆட்சியைப் பிடித்த தி.மு.க.வுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு.

இதைப் படித்துவிட்டு "அநியாயம்" என்று முடிவுகட்டும் முன் ஒன்று. இரண்டு இடத்திலும் தோற்ற கட்சி ஏறக்குறைய எல்லா இடத்திலும் தனியாக நின்றது. ஜெயித்த கட்சி கூட்டாளிகளுக்குத் தொகுதிகளைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு மீதியில் மட்டும் நின்றது. நிற்காத தொகுதியில் ஓட்டு எப்படி வரும்? கட்சி வாரியான சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஊடகங்களில் இன்றைக்கும் நடக்கிற தப்பு. ஒப்பிட வேண்டியது அணியோடு அணி.

பெரிய தலைவர்களே சொந்தத் தொகுதியில் தோற்பது ஏன்?

அலை கோட்டைகளைத்தான் அதிகம் தாக்கும் என்பது ஒரு காரணம். நிறைய ஓட்டு இருக்கிற இடத்தில்தான் நிறைய ஓட்டு கழன்று போக முடியும். தலைவர் ஊர் ஊராகப் பிரச்சாரத்துக்குப் போய்விட, எதிரி அந்த ஒரு தொகுதியிலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பது இன்னொரு காரணம்.

இந்திரா காந்தி 1977-ல் ரேபரேலியில் தோற்றார். காமராஜர் 1967-ல் விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார். கனடாவில் பிரதமராக இருந்த கிம் கேம்பல் 1993-ல் தன் தொகுதியை இழந்தார். பிரிட்டனின் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் 2019-ல் 26,000-க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதியை 2024-ல் 630 ஓட்டில் விட்டார்.

அலை வருவது முன்கூட்டியே தெரியுமா?

திசை தெரியும், உயரம் தெரியாது. கருத்துக்கணிப்பு ஓட்டு சதவீதத்தை ஓரளவு பிடித்துவிடும். அதை இடங்களாக மாற்றும்போதுதான் வழுக்கும்; மேலே பார்த்த 19-க்கும் 21-க்கும் உள்ள இடைவெளி, கணிப்புகளின் வழக்கமான பிழை எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். இந்தியாவில் 2024-ல் வாக்குப்பதிவு முடிந்ததும் வந்த கணிப்புகள் பலவும் ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன; கிடைத்தது 293.

1945-ல் பிரிட்டனில் வேறு மாதிரி நடந்தது. உலகப் போரை நடத்திய சர்ச்சில் தோற்பார் என்று யாரும் நினைக்கவில்லை. லேபர் முந்துவதாக ஒரு கணிப்பு சொன்னது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூலை 5-ல் ஓட்டுப்போட்டார்கள். கடல்கடந்து இருந்த ராணுவத்தினரின் ஓட்டு வந்துசேர வேண்டியிருந்ததால் ஜூலை 26-ல்தான் முடிவு. இடையில் சர்ச்சில் போட்ஸ்டாம் மாநாட்டில் ஸ்டாலினோடும் ட்ரூமனோடும் பேசிக்கொண்டிருந்தார். முடிவு பார்க்க லண்டன் வந்தவர் திரும்பிப் போகவில்லை. அவர் நாற்காலியில் லேபர் தலைவர் அட்லி போய் உட்கார்ந்தார். லேபருக்கு 640-ல் 393.

எண்ணிக்கை நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

டி.வி.யின் மூலையில் ஓடும் "முன்னிலை" எண்ணை முதல் இரண்டு மணி நேரம் மறந்துவிடுங்கள். முதல் ரவுண்டு ஒரு தொகுதியின் ஒரு மூலையை மட்டுமே காட்டும். நகரப் பெட்டி முதலில் வந்தால் ஒரு கதை, கிராமப் பெட்டி முதலில் வந்தால் இன்னொரு கதை.

அதற்குப் பதில், ஆளும் தரப்பு போனமுறை பெரிய வித்தியாசத்தில் ஜெயித்த ஐந்தாறு தொகுதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இழுபறித் தொகுதி விழுவது ஆட்சி மாற்றத்துக்குத்தான் அடையாளம்; அலைக்கு அடையாளம் கோட்டை ஆடுவது. 1997-ல் பிரிட்டன் முழுக்க விழித்துக்கொண்டிருந்து பார்த்தது என்ஃபீல்டு சவுத்கேட் தொகுதியை. பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் போர்ட்டில்லோ முந்தைய தேர்தலில் 15,000-க்கும் மேல் வித்தியாசம் வைத்திருந்த இடம். அங்கே அவர் 1,433 ஓட்டில் தோற்றார். அன்று லேபருக்கு 659-ல் 418 கிடைத்தது.

ஓட்டுப்பதிவு அதிகமானால் ஆட்சிக்கு எதிரான அலை என்கிறார்களே?

விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. 2024 பிரிட்டன் அலை வந்தது ஏறக்குறைய 60 சதவீதப் பதிவில். பல பத்தாண்டுகளில் மிகக் குறைந்த பதிவுகளில் அது ஒன்று. தோற்கப்போகும் கட்சியின் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாலும் எதிரிக்கு அலைதான்.

எதிர்க்கட்சித் தலைவராக யார் உட்காருவார்?

இந்தக் கேள்விக்குத்தான் விநோதமான பதில்கள் கிடைக்கும்.

இந்தியாவில் மக்களவையின் மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும் என்பது வழக்கம், அதாவது 55. 2014-ல் காங்கிரஸுக்கு 19 சதவீத ஓட்டு இருந்தும் 44 இடம்தான். 2019-ல் 52. இரண்டு முறையும் அந்தப் பதவி காலி. 1984-க்குப் பிறகும் காலிதான். அப்போது எதிரணியில் பெரிய கட்சி 30 இடம் வைத்திருந்த தெலுங்கு தேசம், ஒரே மாநிலத்தின் கட்சி.

இலங்கையில் 1977-ல் ஐக்கிய தேசியக் கட்சி 168-ல் 140 இடத்தை வாரிக்கொண்டது. சுதந்திரக் கட்சிக்கு சுமார் 30 சதவீத ஓட்டு இருந்தும் 8 இடம்தான். வடக்கு கிழக்கில் குவிந்த ஓட்டால் 18 இடம் பிடித்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தனிநாடு கேட்டு ஓட்டு வாங்கிய கட்சி, அந்த நாட்டின் பிரதான எதிர்க்கட்சி.

கனடாவில் 1993-ல் அதுவே திரும்ப நடந்தது. கியூபெக் பிரிய வேண்டும் என்ற பிளாக் கியூபெக்குவா 13.5 சதவீத ஓட்டில் 54 இடம் பிடித்து, மன்னராட்சி மரபுப்படி "விசுவாச எதிர்க்கட்சி", அதாவது அதிகாரபூர்வ எதிர்க்கட்சி ஆனது. அதைவிட அதிகமாக, 16 சதவீதம் வாங்கிய ஆளும் முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சிக்கு நாடு முழுக்க 2 இடம். சபையில் கட்சி என்ற அங்கீகாரத்துக்கு 12 வேண்டும், அதுவும் போனது. ஓட்டு ஒரே இடத்தில் குவிந்தால் பலம், நாடெங்கும் மெல்லிசாகப் பரவினால் பூஜ்யம்.

எல்லா இடத்தையும் ஒரே கட்சி பிடித்தால்?

நடந்திருக்கிறது. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் 1987-ல் 58-க்கு 58. கிரெனடாவில் 15-க்கு 15, ஒன்றுக்கு மேற்பட்ட முறை. சிக்கிமில் 32-க்கு 32. பார்படோஸில் 2018-ல் மியா மோட்லியின் கட்சி 30-க்கு 30.

பார்படோஸில் பிறகு நடந்தது சுவாரஸ்யம். அங்கே மேலவைக்கு இரண்டு பேரை எதிர்க்கட்சித் தலைவர் பரிந்துரைக்க வேண்டும். ஆளே இல்லையென்றால் யார் பரிந்துரைப்பது? தேர்தல் முடிந்த சில நாட்களிலேயே ஆளும் கட்சி எம்.பி. ஜோசப் ஏதர்லி கட்சியை விட்டு எதிர்வரிசைக்குப் போய் எதிர்க்கட்சித் தலைவரானார். ஒற்றை ஆள், முழு எதிர்க்கட்சி. 2022-ல் மறுபடியும் 30-க்கு 30.

சில நாடுகள் இதற்கென்றே ஏற்பாடு வைத்திருக்கின்றன. மொரீஷியஸில் தோற்றவர்களில் நன்றாக ஓட்டு வாங்கிய சிலரைச் சபைக்கு எடுக்கும் "சிறந்த தோல்வியாளர்" முறை உண்டு. சமூகப் பிரதிநிதித்துவத்துக்காக வந்த ஏற்பாடு அது. ஆனால் 1982-ல் ஒரே அணி 60-க்கு 60 ஜெயித்தபோது எதிரணிக்குச் சபையில் குரல் மிஞ்சியது அதனால்தான். சிங்கப்பூரில் 1968 முதல் நான்கு பொதுத்தேர்தல்களில் மக்கள் செயல் கட்சி ஓர் இடமும் விடவில்லை. தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களில் முன்னணியில் இருப்பவர்களைத் தொகுதியில்லா உறுப்பினராக்கும் சட்டம் 1984-ல் வந்தது.

ஜமைக்காவில் 1983-ல் 60-க்கு 60 என்று ஒரு கணக்கு உண்டு. அதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பிரதான எதிர்க்கட்சி தேர்தலையே புறக்கணித்தது.

மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் அரசியல் சாசனத்தை இஷ்டப்படி மாற்றலாமா?

நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் எழுதப்பட்ட ஒற்றைச் சாசனம் இல்லை. சாதாரண மெஜாரிட்டியே போதும். இந்தியாவில் இரு அவையிலும் தனித்தனியாக மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், சில திருத்தங்களுக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். மாநிலங்களவை ஒரே நாளில் மாறாது. அதன்மேல், சாசனத்தின் அடிப்படைகளை நாடாளுமன்றத்தாலும் மாற்ற முடியாது என்று 1973-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த "அடிப்படைக் கட்டமைப்பு" கோட்பாடு நிற்கிறது.

தடை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 1977-ல் கிடைத்த ஆறில் ஐந்து பங்கு பலத்தை வைத்து ஜே.ஆர். ஜெயவர்தனா 1978-ல் புதுச் சாசனம் கொண்டுவந்தார். நிறைவேற்று அதிகாரம் உள்ள ஜனாதிபதி ஆனார். தன் கட்சி எம்.பி.க்களிடம் தேதி போடாத ராஜினாமா கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். 1982-ல் பொதுத்தேர்தல் வைக்காமல், சபையின் ஆயுளை இன்னும் ஆறு ஆண்டு நீட்டலாமா என்று மக்கள் தீர்ப்பு மட்டும் கேட்டார். சுமார் 55 சதவீதம் ஆம் என்றது. 1983-ல் ஆறாவது திருத்தம் பிரிவினை கோருவதில்லை என்று சத்தியம் கேட்டது. தமிழர் விடுதலைக் கூட்டணியினர் மறுத்து இடங்களை இழந்தார்கள். 1977-ல் விழுந்த ஓட்டுகளின் மேல் உட்கார்ந்த சபை, 1988 டிசம்பர் வரை நீடித்தது. ஒரு தேர்தல் இரவின் விளைவு பதினோரு ஆண்டுக்கு மேல்.

ஹங்கேரியில் 2010-ல் ஃபிடெஸ் கட்சி பாதிக்குச் சற்று மேற்பட்ட ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு இடம் பெற்றது. அடுத்த ஆண்டே புதுச் சாசனம்.

விகிதாசார முறையில் அலையே வராதா?

வரும், ஆனால் வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப இடம் தரும் முறை அது என்பதால் உண்மையாகவே ஓட்டு வேண்டும். நியூசிலாந்தில் 1996-லிருந்து இந்த முறை. எந்தக் கட்சிக்கும் தனி மெஜாரிட்டி கிடைக்காமலேயே இருந்து, 2020-ல் ஜசிந்தா ஆர்டனின் லேபர் ஏறக்குறைய சரிபாதி ஓட்டில் 120-க்கு 65 பிடித்தது. இலங்கையில் 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 61.6 சதவீதத்தோடு 225-ல் 159 பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலேயே 6-ல் 3. இப்படிப்பட்ட வெற்றியை ஓட்டுப் பிரிவினை என்று தள்ளிவிட முடியாது.

இவ்வளவு பெரிய வெற்றி என்றால் எங்கோ தில்லுமுல்லு என்று அர்த்தமா?

வெற்றியின் அளவு மட்டும் எதையும் நிரூபிக்காது. ஆனால் அந்தச் சந்தேகமே ஒரு நாட்டைக் கவிழ்த்துவிடலாம். லெசோத்தோவில் 1998-ல் ஒரு கட்சி சுமார் 60 சதவீத ஓட்டில் 80-ல் 79 இடம் ஜெயித்தது. மீதி 40 சதவீத மக்களுக்குச் சபையில் ஒரே ஒருவர். நம்ப முடியாமல் தெருவில் இறங்கினார்கள். கலவரம் முற்றி தென்னாப்பிரிக்க, போட்ஸ்வானா படைகள் உள்ளே வந்தன. அதன் பிறகு தேர்தல் முறையையே மாற்றி, தொகுதி இடங்கள் 80-க்கு மேல் விகிதாசார இடங்கள் 40 சேர்த்து 2002-ல் தேர்தல் வைத்தார்கள். முடிவு ஓரளவு ஓட்டுக்கு ஏற்ப வந்தது.

சந்தேகம் இருப்பவர் கேட்க வேண்டியது சாவடி வாரியான கணக்கு. இந்தியாவில் வாக்குப்பதிவு முடிந்ததும் அந்தச் சாவடியில் எத்தனை ஓட்டு பதிவானது என்று படிவம் 17சி-யில் எழுதி முகவர்களுக்கு நகல் தருவார்கள். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் மொத்தம் அதோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். அந்தக் காகிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கி பத்திரமாக வைக்க ஆளில்லாத கட்சி, பிறகு மைக் முன்னால் பேசுவதில் பயனில்லை.

பெரிய மெஜாரிட்டி என்றால் ஆட்சி நிலையாக இருக்குமே?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம். பிரிட்டனில் 2019-ல் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 80 இட மெஜாரிட்டி. ஐந்தாண்டுக்குள் ஜான்சன், டிரஸ், சூனக் என்று மூன்று பிரதமர். ஜப்பானில் 2009-ல் ஜனநாயகக் கட்சி 480-ல் 308 பிடித்தது. மூன்று ஆண்டில் மூன்று பிரதமர். 2012-ல் 57 இடத்துக்குச் சுருண்டது.

காரணம் எண்ணிக்கைதான். 400 பேரில் அமைச்சர் பதவி கிடைப்பது சிலருக்கே. இந்தியாவில் 2004 முதல் சபையின் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் கூடாது. மீதிப் பேர் பின்வரிசையில் சும்மா உட்கார வேண்டும். ஒரு ஓட்டில் அரசு தொங்கும்போது கட்சியைக் கவிழ்க்க யாருக்கும் தைரியம் வராது. நூறு ஓட்டு உபரியாக இருந்தால் இருபது பேர் முறுக்கிக்கொள்வதில் ஆபத்தில்லை. வெளியே எதிரி இல்லாத கட்சி உள்ளே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும்.

1984-ல் 400-க்கு மேல் ஜெயித்து வந்த ராஜீவ் காந்தி அரசு 1985-ல் கட்சித்தாவல் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனாலும் அந்த ஆட்சிக்குச் சவாலாக வந்த வி.பி. சிங் அதே அரசில் அமைச்சராக இருந்தவர். 1988-ல் அவதூறு மசோதாவைக் கொண்டுவந்தபோது பத்திரிகையாளர்கள் வீதிக்கு வந்தார்கள், அத்தனை எம்.பி.க்களை வைத்திருந்த அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது. சபையில் எதிர்ப்பு அடங்கினால் அது சபைக்கு வெளியே கிளம்பும்.

தோற்ற கட்சி இனி எழுமா?

இடத்தை வைத்துச் சொல்லாதீர்கள். 1984-ல் பா.ஜ.க.வுக்கு 2 இடம், 1989-ல் 85. அ.தி.மு.க. 1996-ல் 4 இடம்; 2001-ல் ஆட்சி. ஜப்பானின் லிபரல் ஜனநாயகக் கட்சி மூன்றே ஆண்டில் திரும்பியது.

எழாதவையும் உண்டு. தமிழ்நாட்டில் 1967-ல் போன காங்கிரஸ் ஆட்சி திரும்பவில்லை. 1906-ல் பிரிட்டனை வாரிச் சுருட்டிய லிபரல் கட்சி 1924-ல் 40 இடத்தில் வந்து நின்றது. கனடாவின் முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி 2003-ல் வேறொரு கட்சியோடு சேர்ந்து புதுப்பெயரில்தான் பிழைத்தது.

வித்தியாசம் எங்கே என்றால், இரண்டாம் இடம் யாரிடம் இருக்கிறது என்பதில். தொகுதி தொகுதியாக இரண்டாம் இடத்தைக் காப்பாற்றிய கட்சிக்கு, ஜெயித்தவர் சொதப்பும் நாளில் ஓட்டு தானாக வரும். இரண்டாம் இடத்தையும் இன்னொருவர் பிடித்துவிட்டால், அதிருப்தி ஓட்டு போகும் முகவரி மாறிவிடும். அதனால் முடிவுப் பட்டியலில் நான் முதலில் படிப்பது ஜெயித்தவர் பெயரை அல்ல, அதற்கு அடுத்த வரியை. அதற்கப்புறம் டெபாசிட் போனவர்கள் பட்டியல்.

அடுத்த தேர்தலிலும் அதே அலை நிற்குமா?

நின்றதும் உண்டு. பிரிட்டனில் டோனி பிளேரின் லேபர் 1997-க்கு அடுத்து 2001-லும் 400-க்கு மேல் ஜெயித்தது. டெல்லியில் ஆம் ஆத்மி 2015-ல் 70-ல் 67, 2020-ல் 62, 2025-ல் 22. கடைசித் தேர்தலில் அதற்கும் ஜெயித்த பா.ஜ.க.வுக்கும் இடையே ஓட்டு வித்தியாசம் சுமார் இரண்டு புள்ளி. காங்கிரஸின் 1984 வெற்றி 1989-ல் 197 ஆனது. ஆனால் அப்போதும் அதற்கு 39 சதவீதத்துக்கு மேல் ஓட்டு இருந்தது, எதிரணி ஒன்றுசேர்ந்ததுதான் புதிது.

நடுவில் வரும் இடைத்தேர்தல்களைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் பல ஆண்டு சபையில் எதிர்க்கட்சியே இல்லாமல் இருந்ததை முடித்தது 1981-ல் ஆன்சன் என்ற ஒரே தொகுதியின் இடைத்தேர்தல். ஜெயித்தவர் தொழிலாளர் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம். அடுத்த பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சிகளுக்கு இரண்டு இடம் கிடைத்தது. அதில் ஒன்று ஆன்சன்.